வந்துச்சா, மாமா?

பசை அக்கா ஒரு வேலையை முடித்துவிட்டாள் என்பதற்கு அவள் வீட்டில் ஒரே அடையாளம்தான். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் போன் 'டிங்' என்னும். உள்ளறையிலிருந்து அவள், "வந்துச்சா, மாமா?" என்று குரல் கொடுப்பாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, போனை ஒரு முழத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "வந்துச்சு" என்பார். அவ்வளவுதான். மடிக்கணினி மூடப்படும், அடுப்பு பற்றவைக்கப்படும்.

மாமனார் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். யாரிடமும் காரணம் கேட்காமல் கேட்ட மாடியில் கொண்டுபோய் விட்ட மனிதர். மருமகளின் செய்திகளையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார். "உங்கள் விமானம் நாற்பது நிமிடம் தாமதம்" என்று அவருக்கு வந்திருக்கிறது. "நீங்கள் கேட்ட சோபா புறப்பட்டுவிட்டது" என்று வந்திருக்கிறது. "உங்கள் பிரசவ நாள் நெருங்குகிறது, மருத்துவரைப் பாருங்கள்" என்று வந்த அன்றைக்கு மட்டும், "வந்துச்சு. ஆனா இந்த வயசுல தாங்குமாம்மா?" என்று கேட்டார்.

அவள் வேலை அப்படி. உலகத்தில் எவனும் ஒரு செயலியை முழுக்கத் தானே செய்வதில்லை. வரைபடம் ஒருவனுடையது, பணம் வாங்கும் பெட்டி இன்னொருவனுடையது, குறுஞ்செய்தி அனுப்புகிறவன் மூன்றாமவன். இப்படி ஊரார் சரக்கையெல்லாம் வாங்கிவந்து, ஒரே வீட்டுச் சரக்கு போலத் தெரியும்படி இணைத்துத் தருவது அவள் பிழைப்பு. ஆபீஸில் அதற்காகத்தான் பசை அக்கா என்று பெயர் வைத்தார்கள். பெயரில் இருக்கும் பசை சம்பளத்தில் இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருந்தாள். காதில் மாட்டிய கருவி வழியாக ஊரார் கோபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் உத்தியோகம். யார் என்ன கத்தினாலும் பதில் சொல்ல அவளுக்கு ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: "சிரமத்திற்கு வருந்துகிறோம், தவறு எங்கள் தரப்பில் இல்லை." ஒருநாளைக்கு அறுபது முறை. தூக்கத்தில்கூட அதைச் சொல்கிறாள் என்று புருஷன்காரன் பயந்துபோனான். முப்பத்து மூன்றாவது வயதில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டு அங்கிருந்து தப்பித்தாள். "மெஷின் கத்தாது. சரின்னா சரி, இல்லைன்னா இல்லை" என்பது அவள் கண்ட சுகம். எட்டு வருடம் அந்தச் சுகத்தில் ஓடியது.

மாமனாருக்குச் சிறுநீரகம் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். அந்த மையத்துக்குத்தான் பசை அக்காவின் ஆபீஸ் செயலி செய்து கொடுத்தது. செய்தி அனுப்பும் சேவை ஒன்றை அதில் இணைத்தவள் அவள்தான். "நாளை பதினொரு மணிக்கு உங்கள் சிகிச்சை" என்ற நினைவூட்டல் மூன்று வாரமாக எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னெல்லாம் வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்வாள். இப்போது அந்த வேலை அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. அது இல்லாமல் டயாலிசிஸ் இல்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் அவர்களுடைய கிளை, மறுநாள் காலை மட்டும் பதினெட்டு இயந்திரத்தைத் தர ஒப்புக்கொண்டது. அதுவும் ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும்தான். பன்னிரண்டுக்கு அந்தக் கிளையின் சொந்த நோயாளிகள் வந்துவிடுவார்கள். ஆகவே மறுநாள் பதினொரு மணிக்கு வரவேண்டிய பதினெட்டு பேருக்கும் இடமும் மாறுகிறது, நேரமும் மாறுகிறது. செயலியில் 'நேர மாற்றம்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அன்றைக்குத்தான் முதல்முறையாக அமுக்கினார்கள்.

வரவேற்புப் பெண் பசை அக்காவுக்குப் போன் செய்தாள். "அக்கா, அனுப்பிட்டேன். எதுக்கும் நானும் ஒரு தடவை எல்லாருக்கும் போன் பண்ணிடட்டுமா?"

பசை அக்கா திரையைப் பார்த்தாள். பதினெட்டு பெயர், பதினெட்டு பச்சைக் குறி. கூடத்தில் 'டிங்' என்றது.

"வந்துச்சா, மாமா?"

"வந்துச்சு. ஏழு மணியாம், வேற இடமாம்."

"வேணாம்மா. எல்லாம் பச்சையா இருக்கு, இங்க வந்தும் சேர்ந்துடுச்சு. நீ கிளம்பு" என்றாள் வரவேற்புப் பெண்ணிடம். அந்தப் பெண்ணும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு மாமனார் போன் செய்தார். மகன் அவரை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

"ஏம்மா, இங்க எனக்கு மட்டும் ராஜ உபசாரம் நடக்குது. பதினெட்டு கட்டில், ஒத்த ஆள். நர்ஸுங்க எல்லாம் என்னையே சுத்திச் சுத்தி வர்றாங்க. மத்தவங்களுக்கு லீவா?"

"லேட்டா வருவாங்க மாமா" என்று சொன்னவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். மத்தவங்களுக்கு. அவர் ஒருவருக்குச் செய்தி வந்திருக்கிறது, மற்ற பதினேழு பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அப்படி ஒன்று நடப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அது அவளுக்குத் தெரியும்.

செய்தி அனுப்பும் நிறுவனம் தன் கதவைத் திறக்க இரண்டு கீ கொடுக்கும். ஒன்று நிஜத்துக்கு, ஒன்று சோதனைக்கு. நிஜ கீ வழியாகப் போனால் செய்தி ஊருக்கெல்லாம் போகும். சோதனை கீ வழியாகப் போனால், முன்கூட்டியே பதிந்துவைத்த எண்ணுக்கு மட்டும் போகும். மற்ற எண்களுக்கெல்லாம் "ஏற்றுக்கொண்டோம்" என்று பச்சைக் குறி காட்டிவிட்டு, செய்தியைக் குப்பையில் போட்டுவிடும். சோதனை செய்கிறவர்கள் தெரியாத்தனமாக ஊரை எழுப்பிவிடக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. நினைவூட்டலுக்கு நிஜ கீயை மாற்றியவள், நேர மாற்றத்துக்கு மாற்ற மறந்திருந்தாள். அவள் பதிந்துவைத்திருந்த எண் உலகத்திலேயே ஒன்றுதான், மாமனாருடையது. எட்டு வருடமாக அவர் சொன்ன "வந்துச்சு"வை வைத்து அவள் ஊருக்கே வந்துவிட்டதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சோற்றுப் பதம் பார்த்துப் பானையை இறக்கினாள், ஆனால் அந்த ஒரு சோற்றைத் தனியாக வேகவைத்தவளும் அவள்தான்.

பதினேழு பேரும் பதினொரு மணிக்குத்தானே என்று வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். எட்டரைக்குள் ஊசி குத்தினால்தான் குறைந்தது மூன்று மணி நேரமாவது கிடைக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை செவ்வாய்க்கிழமைதான்.

வரவேற்புப் பெண்ணை எழுப்பினாள். பட்டியலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இனி போன்தான், மெசேஜ் இல்லை.

முதல் ஆள் குளித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அம்மா, "யார் நீ? ஆப்புல வரும்னு சொன்னாங்களே, வரலையே!" என்று ஐந்து நிமிடம் வாதாடி, அந்த ஐந்து நிமிடத்தையும் விழுங்கினார். மூன்றாவது வீட்டில் போனை எடுத்தது ஒரு குழந்தை. அது தாத்தாவைக் கூப்பிடாமல் ஒரு முழுப் பாட்டைப் பாடிக் காட்டியது. பசை அக்கா பேர் பேராக அடித்துக்கொண்டே வந்தாள். ஏழு ஐம்பதுக்குப் பதினாறு பேரைப் பிடித்தாகிவிட்டது. பல் விளக்கியும் விளக்காமலும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

மிச்சம் ஒருவர். தையல்காரர். மணி அடிக்கிறது, அடிக்கிறது, துண்டிக்கப்படுகிறது. மறுபடி அடித்தாள். மறுபடி துண்டித்தார்.

"அக்கா, அவரு வியாழக்கிழமையே வரலை, ஜுரம்னு சொன்னாரு" என்றாள் வரவேற்புப் பெண், குரல் கம்மிப்போய். "கடைசியா பண்ணது செவ்வாய்க்கிழமை. இன்னைக்கும் விட்டா ஒரு வாரம் ஆயிடும். டாக்டர் அவரு ஃபைல்ல சிவப்பு மையில எழுதி வச்சிருக்காரு, விடவே கூடாதுன்னு. தனியா இருக்கிற மனுஷன் அக்கா."

விலாசத்தை வாங்கிக்கொண்டு, போட்டிருந்த வீட்டுச் செருப்போடு டாக்சியில் ஏறினாள். ஏறியதும் முதலாளி கூப்பிட்டார்.

"மையத்துலேர்ந்து போன் வந்துச்சு. என்ன ஆச்சு?"

சொன்னாள், மறைக்காமல்.

அவர் மெதுவாக ஆரம்பித்தார். "இதோ பாரு. அந்த சர்வீஸ்காரன் 'ஏற்றுக்கொண்டோம்'னுதானே பதில் குடுத்திருக்கான்? நம்ம லாக்ல பதிவாகி இருக்குல்ல? அப்போ அவன் மேலதான் போகணும். மூணாவது ஆளு சேவையில கோளாறுன்னு நான் லெட்டர் ரெடி பண்றேன், நீ கையெழுத்து போட்டாப் போதும். அதுவரைக்கும் அங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காத. அவங்களுக்கு இன்னும் நாலு கிளை இருக்கு, எல்லாம் நம்மகிட்ட வரவேண்டிய வேலை. உன் வேலையும் அதுலதான் இருக்கு. புரியுதா?"

புரிந்தது. எட்டு வருடம் தினம் அறுபது தடவை சொன்ன வாசகத்தைத்தான் அவர் புதுச்சட்டை போட்டு அனுப்புகிறார். சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று அவளுக்கும் ஒரு நப்பாசை வந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"முதல்ல அந்த ஆளைப் பாத்துட்டு வரேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது, ஆனால் கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. தையல்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலாக இருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. தையல் இயந்திரத்தின் மேல் துணிக்குப் பதிலாகப் போன் இருந்தது. அதன் முன்னால் நாற்காலி. ராத்திரி படுக்க முடியாமல் அதிலேயே உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

"போன் பண்ணினேனே சார், ஏன் எடுக்கலை?"

"தெரியாத நம்பர்மா. எடுக்கிறதில்லை. இனிமே எதுன்னாலும்... மெசேஜ்லதான் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அதான் போனையே... பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." மூச்சு விட்டுவிட்டுக் கேட்டார். "ரெண்டு நாளா ஒண்ணும் சரியில்லை. சீக்கிரம் கூப்பிட மாட்டாங்களான்னுதான் பாத்தேன். நீங்க யாரு?"

இந்த மனிதர் அவள் செய்த பொருளை நம்பியிருக்கிறார். நம்பிய பாவத்துக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தவ. அப்புறமா சொல்றேன். வாங்க."

மூன்று மாடியை இறங்க இருபது நிமிடம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் படியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்திருப்பாரா என்று அவள் பயந்தாள். டாக்சிக்காரன் நல்ல மனிதன், சொல்லாமலே ஏறிவந்து ஒரு தோளைக் கொடுத்தான். வழியில் இரண்டு சிக்னல் சிவப்பாக நின்று வஞ்சம் தீர்த்துக்கொண்டன. கிளைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது பத்து.

பதினேழு கட்டிலில் பதினேழு பேர் படுத்திருந்தார்கள். பதினெட்டாவது காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் தலைமை நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடுகடுவென்று இருந்தாலும், கண் முதலில் தையல்காரரின் காலைத்தான் பார்த்தது.

"எட்டரைக்கு அப்புறம் ஊசி போடமாட்டேன்னு சொல்லியிருந்தேன்."

"சிஸ்டர், இவரு செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் பண்ணவே இல்லை."

"தெரியுது. பாத்தாலே தெரியுது. இப்ப ஆரம்பிச்சா மூணு மணி நேரம், அப்புறம் மெஷினைக் கழுவணும். பன்னெண்டே முக்காலுக்கு முன்னாடி அது ஃப்ரீ ஆகாது. பன்னெண்டு மணிக்கு இதே மெஷினுக்கு ஒரு அம்மா வராங்க. அவங்களும் நோயாளிதான். அவங்க வாசல்ல உக்காந்து கத்துவாங்க. நேத்து இந்த இடத்தைக் குடுத்ததுக்கே நான்தான் எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினேன், இன்னைக்கும் நானே வாங்கணுமா? அந்த அம்மாகிட்ட யார் பதில் சொல்றது? மெசேஜ் கம்பெனி வந்து சொல்லுமா?"

போன் பையில் அதிர்ந்தது. முதலாளியாகத்தான் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் மாமனார் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மெசேஜ் கம்பெனி மேல தப்பு இல்லை சிஸ்டர்" என்றாள் பசை அக்கா. குரல் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. "நான்தான் இதை இணைச்சவ. டெஸ்டுக்கு வச்ச கீயை மாத்தாம விட்டுட்டேன். நேத்து அங்க ரிசப்ஷன் பொண்ணு போன் பண்ணட்டுமான்னு கேட்டப்போ, வேணாம்னு சொன்னதும் நான்தான். நீங்க ரிஜிஸ்டர்ல அப்படியே எழுதிக்குங்க, கையெழுத்து போடறேன். அந்த அம்மா வரும்போது வாசல்ல நான் நிக்கறேன். நானே சொல்றேன்."

தலைமை நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுச் செருப்பையும் பார்த்திருப்பாள்.

"நின்னா சரி" என்றாள். பிறகு தையல்காரரிடம் திரும்பி, "படுங்கய்யா, கையைக் காட்டுங்க" என்றாள். ஒன்பது இருபதுக்கு ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்தது.

பசை அக்கா சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். ஒரே ஒரு வரி. சோதனை கீயை எடுத்துவிட்டு நிஜ கீயை வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலைக்குத்தான் ஒரு மனிதர் நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த ஒரு தடவைக்குப் பட்டியலிலிருந்து மாமனாரின் எண்ணை நீக்கினாள். மற்ற பதினேழு பேருக்கும் ஒரு வரி எழுதினாள்: "நேர மாற்றத் தகவல் இனி இப்படி வரும்." அனுப்பினாள். பச்சைக் குறி வந்தது. அதை அவள் பார்க்கவில்லை. எழுந்து வார்டின் நடுவில் போய் நின்றாள்.

முதலில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு போன் கூவியது. பிறகு இன்னொன்று. பிறகு அங்கேயும் இங்கேயுமாக ஒரே இரைச்சல்.

"வந்துச்சா?" என்று கேட்டாள். ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டாள். "வந்துச்சு." "வந்துச்சு." "நேத்து வரவேண்டியது இன்னைக்கு வருது" என்றார் காலையில் போன் செய்தபோது குளித்துக்கொண்டிருந்தவர். தையல்காரருக்கு ஒரு கையில் ஊசி. இன்னொரு கையால் போனை மார்புமேல் நிமிர்த்திப் படித்தார். மூச்சு கொஞ்சம் சமனப்பட்டிருந்தது.

"வந்துச்சும்மா" என்றார்.

மாமனார் தன் போனைக் குலுக்கிப் பார்த்தார். "எனக்கு வரலையே!"

"உங்களுக்கு வரக்கூடாது மாமா. நீங்க இல்லாம மத்தவங்களுக்கு வந்தாத்தான் சரி."

அவருக்குப் புரிய கொஞ்சநேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. "அப்போ இத்தனை நாளா நான் வந்துச்சு வந்துச்சுன்னு சொன்னதெல்லாம் வெறும் பேச்சா?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் உங்களோட நிறுத்திக்கிட்டேன்."

வராந்தாவில் நின்று முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் கத்தினார். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரவேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்றார். அவள் "சரிங்க சார்" என்றாள். வீட்டுத் தவணை, பிள்ளையின் படிப்பு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஆனாலும் போய் வாசலில் நின்றாள்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த அம்மா வந்தார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மகனின் தோள். கண்ணாடிக் கதவு வழியாகத் தன் கட்டிலில் வேறு ஆள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என் மெஷின்ல யாரு அது? என் புள்ளை வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கான். யாரோட தப்பு இது?"

பழைய வாசகம், கூப்பிடாமலே, நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. பசை அக்கா அதை விழுங்கினாள்.

"என்னோட தப்பும்மா. முக்கால் மணி நேரம் நீங்க காத்திருக்கணும். என்ன ஆச்சுன்னு சொல்றேன்."

முழுக்கச் சொன்னாள். அந்த அம்மா அதற்குப் பிறகும் கத்தினார். காதில் கருவி இல்லாமல், முகத்துக்கு நேரே, பெயர் கேட்டுக் கத்தினார். பசை அக்கா பெயரைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். உள்ளே தையல்காரரின் இயந்திரத்தில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.